மாமா திரும்பினார், மீன் போய்விட்டது

எங்கள் மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் எடுத்த காரியம் சரியாக நடந்துவிட்டால் உடனே பின்னால் திரும்பிப் பார்ப்பார். மோட்டார் போட்டதும் குழாயில் தண்ணீர் கொட்டினால் திரும்பிப் பார்ப்பார். வண்டி முதல் உதையிலேயே கிளம்பினால் திரும்பிப் பார்ப்பார். மரவள்ளிச் செடியைப் பிடித்து இழுத்து, ஒரு கிழங்குகூட முறியாமல் கொத்தாக வந்துவிட்டால், அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். யாராவது பார்த்தார்களா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒருவரும் இல்லையென்றால் முகம் கொஞ்சம் வாடும். பக்கத்தில் கட்டியிருக்கும் கன்றுக்குட்டியையாவது பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்.

மாமா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரர் ஜோசப் ராஜின் அண்ணன் மதலைமுத்துவை. ஒரே வாசலில் இரண்டு வீடு எங்களுக்கு. மூத்தாரோடு தம்பி பெண்டாட்டி முகத்துக்கு நேராக நின்று பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டில் வைத்த வழக்கம். இப்போது வருகிற மருமகள்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. எனக்கோ யாரோடும் பேச்சு சுலபமாக வராது என்பதால் வழக்கம் வசதியாகப் போயிற்று. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமாவோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாடு ஆகிவிட்டது என்றால் அவர் மனைவி ராஜமேரி அக்காவிடம் சொல்வேன். அக்கா இல்லையென்றால் கன்றுக்குட்டியிடம் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டு வந்து சாப்பிடுவார்.

மாமாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். நல்ல உழைப்பாளி. கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் கேழ்வரகு, நான்கு மாடு. கோயிலில் பூசைக்கு முதல் ஆளாக நிற்பார், பிரசங்கம் நீண்டால் முதல் ஆளாகத் தூங்கவும் செய்வார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு விரால் மீன்.

எங்கள் ஊர் பென்னாகரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குக் கீழே ஒரு ஏரி. குத்தகைக்காரர் வலை போட விட மாட்டார், தூண்டில் போட்டால் கண்டுகொள்ள மாட்டார். மாமா வேலை முடிந்த பிறகு சாயங்காலத்தில் அங்கே போய் நிற்பார். மூங்கில் கொம்பும் நைலான் நரம்பும் மண்புழுவும் வைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஜிலேபியும் கெளுத்தியும் தவறாமல் கொண்டுவருவார். அக்காவும் நானும் சலிக்கச் சலிக்கச் செதில் தேய்த்திருக்கிறோம். ஆனால் அவர் மனம் அதில் இல்லை. ஆம்பல் இலைகளுக்கு நடுவே விரால் மேலே வந்து, கொட்டாவி விடுவது போல வாய் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அந்தச் சத்தம் கேட்டால் மாமா சாப்பாட்டை மறந்துவிடுவார்.

விரால் அவர் தூண்டிலில் மாட்டாமல் இல்லை. மாட்டும். மாட்டிய பிறகு போய்விடும். எல்லா விராலும் போய்விடும்.

முதலில் நரம்பு அறுந்தது. பென்னாகரத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் மாதவராஜ் ஒரு மூலையில் தூண்டில் சாமானும் தொங்கவிட்டிருப்பார். மாமா அவரிடம் போனார். ஆம்பல் கொடிக்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிற மீனுக்கு இந்த நரம்பு தாங்காது என்று சொல்லி, பின்னல் நரம்பு கொடுத்தார் மாதவராஜ். அடுத்த தடவை நரம்பு அறவில்லை, முடிச்சு நழுவியது. நுனி பன்றி வால் போலச் சுருண்டு வந்தது. எச்சில் தொட்டு இறுக்குகிற முடிச்சு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த தடவை முடிச்சு நின்றது, முள் நிமிர்ந்துவிட்டது. தடித்த முள்ளோடு ரப்பர் தவளை ஒன்று வந்தது. அப்புறம், மூங்கில் கொம்பு சாட்டை மாதிரி வளைகிறது, விராலின் வாய் உள்ளே கல் மாதிரி இருக்கும், இந்தக் கொம்பால் முள் இறங்காது என்று, நரம்பு சுற்றும் உருளை வைத்த விறைப்பான ராடு ஒன்று வந்தது. புது ராடை வாசலில் வைத்து வீசிப் பார்த்தபோது ரப்பர் தவளை போய் எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த என் பாவாடையில் மாட்டிக்கொண்டது. அந்த ராடில் முதலில் மாட்டியது அதுதான். அது மட்டும் தப்பவில்லை.

மாதவராஜ் கடைசியாகச் சொன்ன பாடம்தான் வீட்டில் பேர்போனது. தவளை தண்ணீருக்குள் மறைந்த உடனே வெடுக்கென்று இழுக்கக் கூடாதாம். மீன் வாயை மூட நேரம் கொடுக்க வேண்டுமாம்.

"உங்க மாதாவ ஒரு தடவ கூப்புடுங்க மதலைண்ணா. கூப்புட்டு முடிச்சதும் இழுங்க. முள்ளு தன்னால எறங்கும்" என்றாராம்.

அன்று முதல் ஏரிக்கரையில் "மாதாவே" என்று சத்தம் கேட்கும். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கோயில்ல வராத பக்தி ஏரியில வருது பாரு" என்பாள்.

இதற்குள் எங்கள் வீட்டில் ஒரு புதுக் குழம்பு பிறந்துவிட்டது. மாமா ராடை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, மீன் நிச்சயம் என்று அக்காவை மிளகும் மல்லியும் வறுத்து அரைத்து வைக்கச் சொல்வார். மீன் வராது. அரைத்த மசாலாவை வீணாக்க முடியுமா? கத்தரிக்காய் போட்டுக் கொதிக்க வைத்துவிடுவாள் அக்கா. ஓடிப்போன மீன் குழம்பு என்று அதற்குப் பேர். மாமா அதையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, போன மீன் எவ்வளவு நீளம் என்று கையில் காட்டுவார். முதல் சோற்றுக்கு முழங்கை அளவு. மோர் சோற்றுக்கு வரும்போது தோள் வரைக்கும் வந்திருக்கும்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அவர் மகள் பிளசியின் நிச்சயத்தில்தான் வினை வந்தது.

மாப்பிள்ளை வீடு மேட்டூர்ப் பக்கம். நிச்சயத்தன்று கட்லா மீனைத் துண்டு துண்டாகத் தட்டில் அடுக்கினார்கள். சம்பந்தி இன்னாசிமுத்து பெரிய குரல்காரர். மாமாவின் தட்டில் இன்னொரு துண்டை வைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லா சாப்புடுங்க சம்மந்தி. உங்க பக்கம் காஞ்ச பூமி. மீனு கண்ணுல பாக்கறதே அபூர்வமா இருக்கும்."

மாமா வாயில் வைத்ததை விழுங்கினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்க, "பேரப்புள்ள பொறந்து ஞானஸ்நானம் குடுக்கற அன்னிக்கி எங்க வூட்டுக்கு வாங்க. என் தூண்டில்ல நானே புடிச்ச விரால் உங்க தட்டுல இருக்கும். இல்லன்னா என் பேர மாத்திக் கூப்புடுங்க" என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

பிளசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் எங்கள் கோயிலில் என்று முடிவாகி, ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாயிற்று. அந்த வாரம் பூராவும் சம்பந்தி போன் செய்தார். பேத்தியைப் பற்றிக் கேட்பார், மருமகளைப் பற்றிக் கேட்பார், கடைசியில், "அப்பறம் சம்மந்தி, விரால் சௌக்கியமா?" என்பார். மாமா, "ஏரியில நல்லா இருக்குதுங்க" என்பார். போனை வைத்ததும் ராடைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார்.

பிரியாணிக்கு ஆடு சொல்லியாயிற்று. விருந்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டாகச் சொன்ன சொல்தான், ஆனால் சொல்லியாயிற்றே.

"சந்தையில தொட்டியில உசுரோட விக்கறாங்க. ஒண்ண வாங்கிக் கொழம்பு வச்சா அவருக்கு என்னா தெரியப் போவுது? மீனு வாயில எழுதியா இருக்கும்?" என்றாள் அக்கா.

"அவரு ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவரு, மேரி. தொட்டி மீன ஒரு வாயில கண்டுபுடிச்சிடுவாரு. அவரு கண்டுபுடிக்காட்டியும், அன்னிக்கித்தான் கொழந்தைக்கி ஞானஸ்நானம். அந்த நாளும் அதுவுமா பொய் சொல்றதா?"

அக்கா மிளகை எடுத்து வறுக்கப் போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் நான் ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். மாமா வழக்கமான பாறையில் நின்று தவளையை வீசினார். ஆம்பல் இலை மேல் அது தத்தித் தத்தி வந்தது. இலை இடுக்கில் தண்ணீர் குழிந்து தவளை மறைந்தது. "மாதாவே" என்றார். இழுத்தார். ராடு வளைந்து நின்றது. முள் நன்றாக இறங்கியிருந்தது. நரம்பு விறைத்து விர்ரென்று ஒரு சத்தம் வந்தது. முடிச்சு நின்றது, முள் நின்றது, ராடு நின்றது. மாதவராஜ் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

மாமா திரும்பிப் பார்த்தார்.

தலை திரும்பியதும் தோள் திரும்பியது. தோளோடு கை இறங்கியது. கையோடு ராடு சாய்ந்தது. நரம்பு துணிக்கொடி போலத் தொய்ந்தது. விரால் ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான்.

பின்னால் நான் ஒருத்திதான் இருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார் என்றதும் நான் முந்தானையை இழுத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். அவர் சங்கடப்பட்டு வானத்தைப் பார்த்தார். மீன் யாரையும் பார்க்காமல் போய்விட்டது.

அன்று புல் கட்டைத் தூக்கிக்கொண்டு வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைவு. ஜிலேபி ஏன் தப்பவில்லை? கெளுத்தி ஏன் தப்பவில்லை? அதெல்லாம் யாருக்கும் காட்டுகிற மீன் இல்லை. அதற்காக அவர் ஒரு நாளும் திரும்பியதில்லை.

வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் ஆட்டுக்கல் பக்கத்தில் நின்று சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த குழந்தை எழுந்து அழுதது.

"அடிப்பாவி ஜெசிந்தா! இத்தினி ராடு, இத்தினி கயிறு! கடைசியில கோளாறு கழுத்துலயா?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, திரும்பி யாரத்தான் பாக்கறாரு மனுசன்?" என்று கேட்டாள். நான் புல் கட்டை அவிழ்க்கப் போனேன். யாரை என்று எனக்குத் தெரியும். அவர் எப்போது திரும்பினாலும் முதலில் எங்கள் வாசலில் அக்கா நிற்கிற பக்கம்தான் கண் போகும். ஏரியிலிருந்து பார்த்தால் வாசல் தெரியாது, ஓடு மட்டும் தெரியும்.

மூத்தாரிடம் நான் சொல்ல முடியாது. அக்கா சொன்னால் அவர் கேட்க மாட்டார். அதனால் என் வீட்டுக்காரர் சொன்னார்.

"ண்ணா, மீனு மாட்டனதும் நீ திரும்பித் திரும்பிப் பாக்கறியாம். அதனாலதான் போவுதாம்."

"நான் எங்கடா திரும்பறன்? எவன் சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே மாமா திரும்பிப் பார்த்தார். பிளசி குழந்தைக்கு வைத்திருந்த துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் சொன்னது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை துண்டைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, சளி பிடித்தவர் மாதிரி விறைப்பாக ஏரிக்குப் போனார். திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்பதே மனதில் ஓடியதோ என்னவோ, தவளை மறைந்ததும் மாதாவைக் கூப்பிட மறந்து வெடுக்கென்று இழுத்துவிட்டார். வெறும் தவளை பறந்து வந்து அவர் துண்டிலேயே மாட்டியது. அன்றைக்கும் கத்தரிக்காய்தான்.

மீதி இருந்தது சனிக்கிழமை ஒன்று. மாமா ராடை எடுத்தார். அக்கா முறத்தில் பூண்டை அள்ளிக்கொண்டு, "நானும் வரன்" என்றாள்.

"நீ எதுக்கு? பிரியாணிக்கி ஆயிரம் வேல கெடக்குது."

"பூண்டு உரிக்கறத எங்க உக்காந்து உரிச்சா என்னா? நடங்க."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அக்கா அவரோடு ஏரிக்கு வந்தது அன்றுதான். வந்தவள் அவருக்குப் பின்னால் உட்காரவில்லை. அவர் நிற்கும் பாறைக்கு எதிரே, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மதகுப் படியில் போய் உட்கார்ந்தாள். அவர் தவளையை வீசினால் அவளுக்குப் பக்கத்தில்தான் விழும். நான் வழக்கம் போலக் கரையில் புல் அறுத்தேன்.

வெயில் தாழ்ந்து ஆம்பல் இலையெல்லாம் மஞ்சளானது. அக்கா பூண்டை உரித்துத் தோலை ஊதினாள். மாமா வீசினார், சுற்றினார், வீசினார். மதகுக்குப் பக்கத்தில் இலை ஒன்று அசைந்தது. தண்ணீர் குழிந்தது. தவளை இல்லை.

"மாதாவே" என்றார் மாமா, முழுதாக. இழுத்தார்.

ராடு இதற்கு முன் நான் பார்க்காத அளவுக்கு வளைந்தது. மாமாவின் கழுத்து அசையத் தொடங்குவது எனக்குத் தெரிந்தது. அப்போது எதிரே இருந்து அக்கா கத்தினாள்:

"இங்க இருக்கறன்! நான் பாத்துக்கிட்டுதான் இருக்கறன்! நீங்க மீன பாருங்க!"

கழுத்து நின்றது. மாமா முன்னால் பார்த்தார். முன்னால் மீனும் இருந்தது, அக்காவும் இருந்தாள். ஒரே பார்வையில் இரண்டும் அடங்கிவிட்டது. ராடை உயர்த்திப் பிடித்து, நரம்பைத் தொய்ய விடாமல், கொடிகளுக்கு மேலேயே மீனைச் சறுக்க வைத்து இழுத்து வந்தார். கறுத்த முதுகு தெரிந்தது. உண்மையாகவே முழங்கைக்கு மேல் இருந்தது.

மீன் கரையோரம் வந்துவிட்டது. முழங்கால் தண்ணீர், அதற்கப்புறம் சேறும் புல்லும். அங்கே வந்ததும் மாமா நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு மேலே தூக்கப் பார்த்தார். அவ்வளவு கனத்தை வாயில் தொங்கவிட்டுத் தூக்கினால் உதடு கிழிந்து போய்விடும். ஏந்துவதற்கு ஏதாவது வேண்டும். என் கையில் கூடை இருந்தது. புல்லைக் கொட்டிவிட்டு ஓடினேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை.

"தூக்காதீங்க மாமா! கூட இருக்குது!"

என் வாயிலிருந்து அவரைப் பார்த்து வந்த முதல் பேச்சு அது. மாமா அதிர்ந்துபோய் முழுதாகத் திரும்பிவிட்டார்.

நரம்பு தொய்ந்தது. தவளை தெறித்துக் கரையில் விழுந்தது. விரால் புல்லுக்குள் பாம்பு போல நெளிந்து தண்ணீரைப் பார்த்து நகர்ந்தது. மாமா, "போச்சு" என்றார். ஆனால் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றைக் கலக்கியபடி வந்துகொண்டிருந்தாள். கூடையை அவளிடம் எறிந்தேன். பிடித்த வேகத்தில் மீன் மேல் கவிழ்த்தாள். கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்தும் விட்டாள்.

"திரும்புங்க. இப்ப நல்லா திரும்பிப் பாருங்க. எல்லாரும் இங்கதான் இருக்கறோம்" என்றாள் மூச்சு வாங்க.

அவள் பின்னால் ஏரி பூராவும் பூண்டு மிதந்தது.

மறுநாள் குழந்தைக்கு ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி இன்னாசிமுத்து இலையில் உட்கார்ந்ததும் பிரியாணியைத் தள்ளி வைத்துவிட்டு விரால் குழம்பைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார்.

"ஏரி மீனுதான். நெசமாவே தூண்டில்ல புடிச்சதா சம்மந்தி?"

மாமாவுக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். பின்னால் அக்கா குழம்பு வாளியோடு நின்றாள்.

"தூண்டில்ல மாட்டுனத என் கண்ணால பாத்தங்க. மதகுல இருந்து கரை வரைக்கும் அவருதான் இழுத்தாரு. நான் கூடைய கவுத்தது அதுக்கப்பறம்" என்றாள்.

நடந்ததை அவள் சொல்லி முடிப்பதற்குள் பந்தி முழுக்கச் சிரிப்பு. சம்பந்திதான் அதிகம் சிரித்தார்.

"எங்க பக்கம் மீனுக்கு வல போடுவாங்க. நீங்க பொண்டாட்டிய போட்டுப் புடிச்சிருக்கீங்க. உங்க பேரு மதலைமுத்துவாவே இருக்கட்டும். இன்னொரு துண்டு வைங்கம்மா."

மாமா அன்று இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார். கையில் மீனின் நீளத்தைக் காட்டியபோது சரியான அளவு காட்டினார்.

இப்போது ஏரியில் தண்ணீர் பாதிக்குக் குறைந்திருக்கிறது. சனிக்கிழமை தோறும் மாமா பாறையில் நிற்கிறார், அக்கா எதிரே மதகுப் படியில் உட்கார்ந்து ஏதாவது உரித்துக்கொண்டிருக்கிறாள். சில நாள் விரால் வருகிறது, சில நாள் கத்தரிக்காய். மாமா என்னைப் பார்த்தால் இன்னும் வானத்தைப் பார்க்கிறார். சாப்பாடு ஆகிவிட்டது என்பதை நான் இன்னும் கன்றுக்குட்டியிடம்தான் சொல்கிறேன்.